“போர்க்கப்பல் இரும்பைவிட நம்ம பட்டறை இரும்பு ஸ்ட்ராங் பாப்பா!” - அப்பா நடத்திய எஃகுப் பாடம்

2022 செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் பரபரப்பு. இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ் விக்ராந்த்தை, கொச்சியில் பிரதமர் கடற்படையில் இணைத்துவைத்த நாள் அது. 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன். டிவி முழுக்க அந்தக் கப்பல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது மாதம். “கப்பலோட ஸ்டீல் பத்தி எல்லாரும் பேசறாங்க. சின்னதா ஒண்ணு எழுதும்மா” என்றார் டெஸ்க்கில் ஒரு சீனியர் அண்ணன். அரை மணி நேரத்தில் எழுதி முடித்து, ஒரு தலைப்பும் வைத்தேன்.

‘உலகிலேயே வலிமையான எஃகு... எது மோதினாலும் உடையாது! விக்ராந்த் ரகசியம்.’

தலைப்பு நன்றாகவே ஓடியது. ஷேர் எண்ணிக்கை ஏற ஏற, எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவு அரக்கோணம் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வேடிக்கை பார்க்காமல், செஞ்சிபனம்பாக்கம் தாண்டும் வரை கமென்ட்டுகளையே படித்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஸ்டேஷன்தான் எங்கள் மணவூர்.

வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா கையில் போன். என் கட்டுரைதான் திறந்திருந்தது.

“பாப்பா, இது நீ போட்டதா?”

“ஆமாப்பா. எப்படி இருக்கு?”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வலிமைன்னு போட்டிருக்கியே... இன்னா வலிமை? எதுக்கு வலிமை?”

எனக்குப் புரியவில்லை. “ஸ்ட்ராங்குப்பா. அவ்ளோதான்.”

“நம்ம பட்டறை மூலையில லாரி ஸ்பிரிங் பட்டை கெடக்குது பாரு. உன் கப்பல் இரும்பைவிட அது ஸ்ட்ராங்கா இருக்கும். அதுக்காக அதுல கப்பல் கட்டிடுவாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். அப்பா ஆறாவது வரை படித்தவர். மணவூரில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை. கிரில் கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர், திருத்தணி ஆடிக்கிருத்திகைக்குப் பந்தல் போடுகிறவர்களின் இரும்புக் கால்கள் என்று 30 வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நானோ ஜர்னலிசம் டிப்ளோமா முடித்தவள். அப்பா ஏதோ சொல்கிறார் என்று படுக்கப் போய்விட்டேன்.

தூக்கம் வரவில்லை. போனை எடுத்துத் தேடினேன்.

விக்ராந்த்தின் உடற்பகுதிக்குப் பயன்பட்ட எஃகின் பெயர் டி.எம்.ஆர் 249ஏ. அதன் குறைந்தபட்ச வலிமை 390 மெகாபாஸ்கல். லாரி ஸ்பிரிங் எஃகு? சர்வசாதாரணமாக 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. அதாவது, இரண்டரை மடங்கு.

மெகாபாஸ்கல் என்ற சொல்லையே கேள்விப்படாத அப்பா சொன்னது சரி. நான் போட்ட தலைப்பு தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை

ஞாயிறு காலை நானே பட்டறைக்குப் போனேன். அப்பா முகத்தில் கேலி எதுவும் இல்லை. “வா, காட்டறேன்” என்று மட்டும் சொன்னார்.

சாதாரண எம்.எஸ் பட்டையில் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று வெல்டிங் வைத்தார். அடுத்து, பழைய லாரி ஸ்பிரிங்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதை இன்னோர் எம்.எஸ் துண்டோடு வெல்டிங் வைத்தார். வெல்டிங் செக்கச்செவேலென்று இருக்கும்போதே, அந்த இரண்டாவதைத் தண்ணீர் வாளிக்குள் முக்கினார். ‘புஸ்ஸ்’ என்று ஆவி பறந்தது.

“தள்ளி நில்லு. கண்ணாடி போட்டுக்கோ.”

முதல் துண்டை வைஸில் இறுக்கி, சம்மட்டியால் ஓங்கி அடித்தார். வளைந்தது. மறுபடி அடித்தார். இன்னும் வளைந்தது. உடையவில்லை.

இரண்டாவதை இறுக்கினார். ஒரே அடி. ‘டக்!’ ஸ்பிரிங் துண்டு வெல்டிங்கின் ஓரமாகத் தெறித்து, ஷட்டரில் போய் மோதியது.

அதை எடுத்து என் கையில் கொடுத்தார். உடைந்த இடம் கற்கண்டை உடைத்ததுபோல மினுமினுத்தது. துளிகூட வளைந்த அடையாளமே இல்லை.

“இப்ப சொல்லு. எது ஸ்ட்ராங்?”

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் கப்பல் எஃகின் தரங்களை உருப்படியாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது ஒன்று புரிந்தது. அப்பா சம்மட்டியால் செய்ததைத்தான் உலகம் முழுக்கக் கப்பல் எஃகு ஆய்வகங்களிலும் செய்கிறார்கள்.

ஓர் எழுத்து, ஓர் எண்

கப்பல் கட்டும் தளத்துக்கு வரும் எஃகுத் தகட்டின்மேல் ‘ஏஹெச் 36’, ‘டிஹெச் 36’, ‘இஹெச் 40’ என்று முத்திரை இருக்கும். பார்க்க பஸ் நம்பர்போல இருந்தாலும், ஒரு தகட்டின் குணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கடைசியில் வரும் எண், வலிமை. 36 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 36 கிலோ பாரம். ஏறக்குறைய கட்டுக்கம்பி பருமனுள்ள ஒரு கம்பியில் 36 கிலோவைத் தொங்கவிட்டாலும், பாரத்தை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டினால்தான் நிரந்தரமாக நீளும். இன்றைய அளவில் சொன்னால் அது 355 மெகாபாஸ்கல். 32 என்றால் 315. 40 என்றால் 390. ‘ஹெச்’ என்ற எழுத்து, இது உயர்வலிமை எஃகு என்பதற்கான அடையாளம். அந்த எழுத்து இல்லாத சாதாரணக் கப்பல் எஃகு 235 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 24 கிலோ.

முதலில் நிற்கும் எழுத்துதான் நான் கவனிக்காமல் விட்டது. அது, எவ்வளவு குளிரில் அடித்தாலும் இந்தத் தகடு தாங்கும் என்பதைச் சொல்கிறது. உயர்வலிமை எஃகில் ‘ஏ’ என்றால் 0 டிகிரியில் சோதித்தது. ‘டி’ என்றால் மைனஸ் 20. ‘இ’ என்றால் மைனஸ் 40. ‘எஃப்’ என்றால் மைனஸ் 60.

ஆக, ஏஹெச் 36, இஹெச் 36 இரண்டுக்கும் வலிமை ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே எஃகு அல்ல. உறைகுளிரில் ஓங்கி அடித்தால் எது தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

அந்தச் சோதனைக்கு ‘சார்ப்பி சோதனை’ என்று பெயர். 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சின்ன எஃகுத் துண்டு. அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவ வெட்டு. சொன்ன குளிருக்குக் குளிரவைத்து, ஊஞ்சல்போல் ஆடிவரும் ஒரு சம்மட்டியால் அடிப்பார்கள். துண்டை உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்று பார்ப்பார்கள்.

36 ரகத்துக்குக் கேட்கப்படுவது 34 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. விக்ராந்த்தின் 249ஏ எஃகுக்கு மைனஸ் 60 டிகிரியில் 78 ஜூல் கேட்கிறார்கள். அதே கல்லை எட்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். ‘விக்ராந்த் ரகசியம்’ என்று நான் எழுதியிருக்க வேண்டியது 390 என்ற எண்ணை மட்டுமல்ல, இந்த 78ஐயும்தான்.

“நம்ம கடல்ல ஏதுப்பா மைனஸ் 60? திருத்தணியில கத்திரி வெயில்ல தகட்டைத் தொட முடியலை” என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. தேடியபோது பதில் கிடைத்தது. அடி எவ்வளவு வேகமாக விழுகிறதோ, அந்த அளவுக்கு எஃகு குளிரில் இருப்பதைப்போலவே நடந்துகொள்ளும். போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் அடி விழும். வெதுவெதுப்பான கடலில் மிதந்தாலும், அந்த நொடியைத் தாங்குவதற்கு உறைகுளிர்ச் சோதனை தேவைப்படுகிறது.

துறைமுகத்திலேயே இரண்டாக உடைந்த கப்பல்

இந்த எழுத்துகள் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் நிறைய கப்பல்கள் உடைந்திருக்கின்றன.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கப்பல்களைக் கட்டியது. ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,700க்கும் மேல். ஆணி அடித்து இணைக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, பெரும்பாலும் வெல்டிங்கிலேயே கட்டினார்கள். வேலை வேகமாக முடிந்தது.

1943 ஜனவரி 16. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், கட்டி முடித்துத் துறையில் கட்டிவைத்திருந்த ‘ஷெனக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல், இரவில் பெரும் சத்தத்தோடு இரண்டாக உடைந்தது. புயல் இல்லை, குண்டு இல்லை. தண்ணீர் அசையாமல் இருந்தது. குளிர் மட்டும் இருந்தது.

பழியை முதலில் வெல்டர்கள்மேல்தான் போட்டார்கள். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி, எஃகிலேயே கோளாறு இருந்ததைக் காட்டினார். அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனதும், வளையும் குணத்தை இழந்து கண்ணாடிபோல ஆகிவிட்டது. ஆணி அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த விரிசல் அந்தத் தகட்டோடு நின்றுவிடும். வெல்டிங்கில் கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி. விரிசல் ஓட ஆரம்பித்தால் நிறுத்த ஆள் இல்லை.

இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “வெல்டர் மேல பழி போட்டாங்களா?” என்றார். அவ்வளவுதான்.

ஒரே கப்பலில் ஏன் பல தரம்?

‘அப்படியென்றால் கப்பல் முழுக்க உயர்ந்த தரத்தையே போட்டுவிடலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

விலை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணங்களும் இருக்கின்றன. உயர்வலிமை எஃகு போட்டால் தகட்டின் கனத்தைக் குறைக்கலாம். கப்பல் எடை குறையும், எரிபொருள் மிச்சம். ஆனால், வலிமை கூடினாலும் எஃகின் விறைப்பு கூடுவதில்லை. மெல்லிய தகடு அதிகமாக வளைந்து கொடுக்கும். அலையில் லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும்போது, வெல்டிங் ஓரத்தில் வரும் களைப்பு விரிசலை எந்த உயர்தரமும் தானாகத் தடுத்துவிடாது. துருவும் தரம் பார்த்துத் தின்பதில்லை. கனமான தகட்டில் ஒரு மில்லிமீட்டர் போனால் சமாளிக்கலாம். மெல்லிய தகட்டில் அதே ஒரு மில்லிமீட்டர் பெரிய நஷ்டம்.

அதனால்தான், கப்பலில் இடம் பார்த்துத் தகட்டைப் போடுகிறார்கள். பெரிய கப்பல் அலையில் வளையும்போது, நடுப்பகுதியின் மேல்தள ஓரத்தில்தான் இழுவிசை அதிகம். அங்கே ‘இ’ போன்ற உயர்ந்த எழுத்து வரும். இழுவிசை குறைந்த இடங்களில் சாதாரணத் தரமே போதும்.

விக்ராந்த்திலும் இப்படித்தான். உடற்பகுதிக்கு 249ஏ. விமானங்கள் வந்து மோதி இறங்கும் மேல்தளத்துக்கு, அதைவிட வலிமையான 249பி. கனமான இயந்திரங்களைத் தாங்கும் தரைப்பகுதிகளுக்கு இசட் 25 என்ற இன்னொரு தரம். தகட்டை அதன் கனத்தின் திசையில் இழுத்தாலும், பரோட்டா அடுக்குபோல் பிரிந்து வராது என்பதற்கான உறுதி அது.

இந்த எஃகு ஆரம்பத்தில் ரஷ்யாவிலிருந்து வர வேண்டியது. அது நடக்காமல் போனதால், ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் கடற்படையோடு சேர்ந்து இங்கேயே உருவாக்கின. பிலாய், பொக்காரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து விக்ராந்த்துக்குப் போனது சுமார் 30,000 டன். 2014-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ் கமோர்ட்டாவிலும் 249ஏ எஃகுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான். இரும்பில் கார்பனைக் கூட்டினால் வலிமை சுலபமாகக் கூடிவிடும். லாரி ஸ்பிரிங்கில் சுமார் 0.6 சதவிகிதம் கார்பன் உண்டு. ஏஹெச் 36 எஃகில் 0.18-ஐத் தாண்டக் கூடாது. கார்பன் கூடினால், வெல்டிங் சூடு பட்டு வேகமாக ஆறும்போது அந்த ஓரம் கண்ணாடியாகிவிடும். அப்பா வாளியில் முக்கிக் காட்டியது அதைத்தான். கார்பனைக் கூட்டாமல் வலிமையைக் கூட்ட, நியோபியம், வனேடியம் போன்றவற்றைத் துளித்துளியாகச் சேர்த்து, சூட்டைக் கணக்கிட்டு உருட்டி, எஃகின் உள்ளே இருக்கும் மணிகளைப் பொடிசாக்குகிறார்கள். மணி பொடிசாக இருந்தால் வலிமையும் கூடும், உடையாமல் தாங்கும் குணமும் கூடும்.

ஆணியில் தொங்கிய கொக்கி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

கையில் இருந்த உடைந்த துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். பட்டறைச் சுவரில், திருத்தணி முருகன் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் பாதிக் கொக்கி ஒன்று பல வருடங்களாகத் தொங்குகிறது. துருப்பிடித்துப்போன கொக்கி. ஏதோ ராசிக்கு மாட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். வெல்டிங் ஓரமாகத்தான் உடைந்திருந்தது. துளிகூட வளைந்திருக்கவில்லை.

“அப்பா... இது?”

என் அப்பாவுக்கு இடதுகாலில் இரண்டு விரல்கள் கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போது, திருவாலங்காடு பக்கம் ஒரு போர்வெல்லில் மோட்டார் தூக்கப் போன இடத்தில் கொக்கி உடைந்து, குழாயோடு கிளாம்ப் காலில் விழுந்தது. ‘காயலான் கடைக்காரன் மட்டமான இரும்பைக் கொடுத்துட்டான்’ என்று வீடே அவரைத் திட்டியது. அம்மா இன்றைக்கும் திட்டுவார். அதோடு திருத்தணி காயலான் கடை அண்ணனிடம் அப்பா இரும்பு வாங்குவதையே நிறுத்திவிட்டார். அதுவரை பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குக் கரும்பு கொடுத்தனுப்பியவர் அவர்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கொக்கி கேட்டு ஆள் நின்னுட்டு இருந்தாங்க. லாரி பட்டைதான் ஸ்ட்ராங்குன்னு அதுல செஞ்சேன். வெல்டிங் ஆறட்டும்னு விடலை. தண்ணி ஊத்திட்டேன்.”

“ம்.”

“இரும்பு நல்ல இரும்புதான் பாப்பா. வேலைதான் தப்பு. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

பத்து வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கொக்கியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும், சீனியர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘மூணு நாளாச்சு, யாரும்மா பார்க்கப்போறாங்க’ என்பார் என்று எதிர்பார்த்தேன். “தப்புன்னு தெரிஞ்சா மாத்திடு” என்றார். தலைப்பை மாற்றினேன். கட்டுரையின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘திருத்தம்: விக்ராந்த்தின் எஃகு உலகிலேயே வலிமையானது என்று முன்பு வெளியான தகவல் தவறு. வலிமையோடு, கடும் குளிரிலும் அதிர்ச்சியிலும் எளிதில் உடையாத குணமும், வெல்டிங்குக்கு ஏற்ற தன்மையும் சேர்ந்ததே அதன் சிறப்பு.’

புதுத் தலைப்பு பழையதைப்போல் ஓடவில்லை. இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போனை நீட்டினேன். ‘திருத்தம்’ என்ற வரியைப் பெரிதாக்கி, இரண்டு முறை படித்தார்.

“இப்படி எழுதினா ஆபீஸ்ல திட்ட மாட்டாங்களா?”

“திட்டலைப்பா.”

அடுத்த ஞாயிறு, பட்டறையைத் திறக்காமல் காலையிலேயே பைக்கை எடுத்தார். அந்தப் பாதிக் கொக்கியை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். ‘திருத்தணி வரைக்கும்’ என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

மதியம் திரும்பி வந்தார். காயலான் கடை அண்ணன் என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், “டீ வாங்கிக் கொடுத்தாரு” என்றார்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்பு வந்தது.